ஹங்கேரி 1956: அந்த எழுச்சியால் என்ன மிஞ்சியது?

செங்காந்தள்:
அக்டோபர் 23-ல் சோவியத் பிடியிலிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு எதிராகத் தலைநகர் புடாபெஸ்ட் தெருவில் மக்கள் இறங்கினார்கள். நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் வந்து அடக்கின. ஏறக்குறைய 2,500 ஹங்கேரியர்கள் செத்தார்கள், 2 லட்சம் பேர் நாட்டை விட்டே ஓடினார்கள். சோவியத் படை 1991 வரை அங்கேயே இருந்தது. இதில் மக்களுக்குக் கிடைத்தது என்ன? அப்புறம் வந்த கொஞ்ச நஞ்ச நிம்மதியும், எழுச்சியை அடக்கிய பிறகு ஆட்சியைப் பிடித்த கட்சித் தலைவர் யானோஷ் காதார் மேலிருந்து கொடுத்ததுதான்.

வைகைக்கரை:
தோழர், காதார் ஏன் கொடுத்தார்? முதலில் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கில் போட்டவர் அவர். 1963-ல் பொதுமன்னிப்பு, 1968-ல் பொருளாதாரச் சீர்திருத்தம், கடையில் சாமான். இன்னொரு 1956 வந்துவிடக் கூடாது என்ற பயம்தான் இதற்கெல்லாம் அடியில் இருந்தது. உங்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். டாங்கிகள் வந்த பிறகும் வேலைநிறுத்தத்தை விடாமல் நடத்தியவை, ஆலைகளில் தொழிலாளர்களே அமைத்த தொழிலாளர் மன்றங்கள். தொழிலாளி கட்சியே தொழிலாளியைச் சிறையில் போட்டதே, அதை எப்படி நியாயப்படுத்துவீர்கள்?

செங்காந்தள்:
நியாயப்படுத்தவில்லை, அது பெரும் தவறு. ஆனால் பயம் அவ்வளவு வேலை செய்தது என்றால், 1968-ல் செக்கோஸ்லோவாகியாவுக்குள் சோவியத் படையோடு ஹங்கேரி ராணுவமும் போனதே, ஏன்? எழுச்சி ஆட்சியை மாஸ்கோவோடு இன்னும் இறுக்கமாகக் கட்டிவிட்டது என்றுதான் நான் பார்க்கிறேன்.

வைகைக்கரை:
சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் கல்லறையைப் பாருங்கள். எழுச்சியின்போது பிரதமராக இருந்த இம்ரே நாஜை 1958 ஜூன் 16-ல் தூக்கிலிட்டு, கடைசியில் புடாபெஸ்ட் கல்லறைத் தோட்டத்தின் 301-வது பகுதியில் அடையாளம் இல்லாத குழியில் முகம் குப்புறப் புதைத்தார்கள். பேரே சொல்லக் கூடாது. 31 வருஷம் கழித்து, 1989-ல் அதே தேதியில், மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்ய புடாபெஸ்ட் வீரர்கள் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள். ஆறாவது காலிப்பெட்டி, பெயர் தெரியாமல் செத்தவர்களுக்காக. அதே வருஷம் ஜூலை 6-ல் உச்ச நீதிமன்றம் நாஜ் மீதான தீர்ப்பை ரத்து செய்தது, காதார் இறந்ததும் அன்றைக்குத்தான். அக்டோபர் 23-லேயே புதிய குடியரசை அறிவித்தார்கள். அந்தத் தேதியைத் தற்செயலாகவா எடுத்தார்கள்? "எதிர்ப்புரட்சி" என்று முப்பது வருஷம் பாடப்புத்தகம் சொன்னதை மக்கள் மனசு ஏற்கவே இல்லை.

நடுநிசி:
அந்தச் சதுக்கத்தில் சோவியத் படை வெளியேற வேண்டும் என்று பேசிய இளைஞர், பிற்பாடு பிரதமரான விக்டர் ஓர்பான். அவர் ஆட்சியில்தான் 2018 டிசம்பரில் நாடாளுமன்றம் அருகே இருந்த நாஜ் சிலையை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்கள். நாஜ் கடைசி வரை கம்யூனிஸ்டாகவே இருந்தவர். அந்த ஆட்சி சொன்ன வரலாற்றுக் கதைக்கு அது இடைஞ்சல்.

செங்காந்தள்:
இது எனக்கும் வலிக்கிறது. அந்தச் சிலை அங்கேயே நின்றிருக்க வேண்டும்.