தேயிலைத் தோட்டத்தில் தனியாக ஃபிங்கர்ஸ்டைல் பழகினால் முன்னேற முடியுமா?

மஸ்கெலியா கிட்டார்:
அகூஸ்டிக் கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைல், அதாவது கம்பிகளை விரல்களாலேயே மீட்டும் பாணி, பழகுகிறேன். பேஸ், கோர்ட், மெலடி மூன்றும் ஒரே ஆள்தான், பாடுகிறவர் கிடையாது. குரு யூடியூப். எங்கள் தோட்டத்தில் கிட்டார் என்றால் ஒன்று சேர்ச்சில் கோர்ட் பிடிப்பவர்கள், இல்லையென்றால் கல்யாண வீட்டில் பைலா என்ற ஆட்டப் பாட்டு வாசிக்கும் கோஷ்டி. நான் வாசித்து முடித்தால் "சரி, பாட்டு எப்போது தொடங்கும்?" என்கிறார்கள்! இதே பாணியில் வாசிக்கிறவர்களோடு பழகத்தான் வேண்டுமா? கொழும்புக்குப் போகலாமா என்று யோசனை.

பண்டாரவளை அண்ணன்:
கொழும்பை விடுங்கள் தம்பி. நீங்கள் பழகும் டிராவிஸ் பிக்கிங், கட்டைவிரல் பேஸ் கம்பிகளில் மாறிமாறி நடக்க ஆள்காட்டி விரல் மெலடி எடுப்பது, அது எங்கே வளர்ந்தது தெரியுமா? அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களில். அந்தப் பாணிக்குப் பெயர் தந்த கிட்டார் கலைஞர் மேர்ல் டிராவிஸ் அதை மோஸ் ரேகர், ஐக் எவர்லி ஆகியோரைப் பார்த்துப் பிடித்தார், இருவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். இன்னும் பின்னால் போனால் ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் வருகிறார். வேலை முடிந்து வந்த ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்து வளர்த்த வாசிப்பு அது, நம் தோட்டத்து லயன் வீட்டு வாசலுக்கு ரொம்பத் தூரமில்லை.

கொட்டகலை:
அண்ணே, பாதிக் கதை சொல்லிவிட்டீர்கள். செட் அட்கின்ஸ் என்ற இன்னொரு அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டிராவிஸை முதலில் ரேடியோவில்தான் கேட்டார். கையைப் பார்க்க வழியில்லை, ஒரே விரலில் இவ்வளவு வராது என்று நினைத்து கூடுதல் விரல்களோடு தனக்கென்று ஒரு முறையை அமைத்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவரும் டிராவிஸ் மாதிரியே வாசித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தனிமையிலும் லாபம் உண்டு.

பொகவந்தலாவ அக்கா:
இரண்டு பேரும் சொல்வது சரி, ஆனால் தம்பி கேட்டது இங்கே என்ன செய்வது என்று. இதே பாணிக்காரரைத் தேட வேண்டாம், தாளம் தெரிந்த ஆளைத் தேடுங்கள். தப்பு மேளம் அடிக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, மாசியில் காமன் கூத்துக்கு வேறு அடி, ஆடுகிறவன் காலைப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். வீடியோ உங்களுக்காக நிற்கவும் செய்யாது, உங்களை முறைக்கவும் செய்யாது. ஃபிங்கர்ஸ்டைலில் தாளக்காரரும் நீங்களேதான், கட்டைவிரல் தடுமாறினால் தாங்கிப்பிடிக்க ஆளில்லை. அப்புறம் பைலாவை இளக்காரமாக நினைக்காதீர்கள், அந்த ஆறெட்டுத் தாளத்தில் கட்டைவிரலை நிறுத்தாமல் மெலடி எடுத்துப் பாருங்கள், வியர்த்துவிடும். "பாட்டு எப்போது தொடங்கும்" என்று கேட்டவர்கள் தப்பாகக் கேட்கவில்லை, மெலடி பேஸுக்குள் அமுங்கியிருக்கும். மெலடி வரும் மெல்லிய கம்பியைக் கொஞ்சம் அழுத்தி வாசியுங்கள்.

மஸ்கெலியா கிட்டார்:
அக்கா, கடைசி வரி சுருக்கென்று பட்டது. பெரியப்பா ஒருவர் கூத்துக்குத் தப்பு அடிப்பவர்தான், ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு போகிறேன். தப்புச் சத்தத்தில் என் கிட்டார் கேட்குமா?

பொகவந்தலாவ அக்கா:
கேட்காது. முதலில் தொடையில் தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.