கலைச்சொல் வேண்டும்: பழைய படகை வாங்குமுன் பார்த்துச் சொல்பவர்

துண்டறிக்கை எழுதுபவர், பாகான் டத்தோ, மலேசியா:

வணக்கம். இங்கே தோட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர், இ.பி.எஃப். சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் பேராக் ஆற்றில் ஊடாங் காலா என்கிற பெரிய ஆற்று இறால் பிடிக்கலாம் என்று பழைய ஃபைபர் படகு தேடி அலைகிறார்கள். அவர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். விவரம் தெரிந்த ஆளைக் கூட்டிப் போய்ப் படகைப் பார்ப்பதை 'மரீன் சர்வே' என்கிறார்கள். 'அளவை' என்று போட்டால் நிலம் அளக்கிறவர் என்றுதான் படும். சொல் தாருங்கள்.

தமிழாசிரியர்:

ஐயா, கையில் வெண்ணெய்! வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று புறநானூற்றுப் புலவர் ஒருவர் இருக்கிறாரே. வண்ணக்கர் என்றால் காசின் தரம் பார்ப்பவர். காசுக்கு ஆனது படகுக்கு ஆகாதா? 'கலவண்ணக்கர்' என்று போடுங்கள். பழுதுகளுக்கும் சொல் உண்டு: 'கரவென்னும் பார்தாக்கப் பக்கு விடும்' (குறள் 1068). தோணி பிளப்பதைத்தான் வள்ளுவர் சொல்கிறார். ஆகவே கலவண்ணக்கர் எழுதித் தரும் தாள் 'பக்கோலை'.

கணக்கர், ஊத்தான் மெலிந்தாங்:

சார், கோவிக்காதீங்க. கலவண்ணக்கர் என்றால் பெயின்ட் அடிக்கிறவர் என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். விற்கிறவனே வெடிப்பை மறைக்கப் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருப்பான், இதில் நாமும் ஒரு வண்ணக்கரை அனுப்புவதா? 'பக்கோலை' பக்கோடா மாதிரி இருக்கிறது. 'நோட்டம்' போதாதா, காசு நோட்டம் என்று நீங்களும் சொல்வீர்களே?

தமிழாசிரியர்:

நோட்டம் நல்ல சொல்தான், ஆனால் இன்று திருடன்தான் நோட்டம் விடுகிறான்.

தோட்ட வொர்க்‌ஷாப்பில் இருந்தவர்:

அண்ணே, முதலில் அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள், பேர் தானாக வரும். படகைக் கரையேற்றச் சொல்வார், தண்ணீரில் கிடக்கிற படகின் அடியை யாரும் பார்க்க முடியாது. சின்னச் சுத்தியலால் உடம்பு முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போவார். கெட்டியான இடம் 'டக் டக்' என்னும், உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் 'பொத்'தென்று செத்துவிடும், அங்கே சாக்கட்டியால் ஒரு வட்டம். அடியில் கொப்புளம் இருக்கிறதா என்று தடவுவார். அப்புறம் வெளியில் மாட்டிய எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுவார், கூடவே பின்பலகையும் அசைந்தால் உள்ளே பிளைவுட் ஊறிப்போயிருக்கும், எஞ்சின் எவ்வளவு புதிதாக இருந்தாலும் விலையை யோசிக்கணும். கடைசியாகத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்ப்பார். முக்கியமானது, கூலி கொடுப்பவர் வாங்குகிறவர். விற்கிறவர் கூட்டி வந்த ஆள் சொன்னால் அது வேறு கதை. நான் 'படகுப் புஸ்பாகோம்' என்பேன், வண்டிகளைச் சோதிக்கிற புஸ்பாகோம் மாதிரி. பழைய கார் வாங்கின எல்லாருக்கும் ஒரு நொடியில் புரியும்.

தமிழாசிரியர்:

புஸ்பாகோம் ஒரு நிறுவனத்தின் பெயர், அதுவும் மலாய்ச் சுருக்கம். இப்படியே போனால் படகையும் சம்பான் ஆக்கிவிடுவீர்கள். அது சீனச் சொல், மூன்று பலகை என்று பொருள் சொல்வார்கள்.

கணக்கர்:

எங்கள் வீட்டில் சம்பான்தான், சார். அந்த மலாய்ச் சுருக்கத்துக்குள்ளேயே 'பெமெரிக்சாஆன்' இருக்கிறது, சோதனை என்றுதானே பொருள்? 'படகுச் சோதனை'?

வொர்க்‌ஷாப்காரர்:

கடல் போலீஸ் மறித்துத் தேடுவதுதான் அது.

துண்டறிக்கை எழுதுபவர்:

'வாங்குமுன் படகாய்வு' என்று தலைப்பில் போடுகிறேன். வொர்க்‌ஷாப் அண்ணன் எழுதியது அப்படியே கீழே வரும். ஆளுக்கு 'படகாய்வர்'. மூன்று பேர் சரி என்றுவிட்டார்கள், மற்றவர்களிடமிருந்து மடல் இல்லை.

தமிழாசிரியர்:

ஆய்வர் என்றால் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறவர். புணர்ச்சி சரிதான், பொருள்தான் சரியில்லை. வண்ணக்கரை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள்.

துண்டறிக்கை எழுதுபவர்:

இடமில்லை, ஐயா. அச்சகத்துக்குக் கொடுத்தாச்சு.

தமிழாசிரியர்:

அடுத்த பதிப்பில் பார்ப்போம். நற்றிணையில் வரும் திமில் என்ற மீன்படகு பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.