110 கிலோ துப்பாக்கிப் பெட்டகம்: டைல்ஸ் தரையில் போல்ட் போடுவது எப்படி?

புதுப்பெட்டகம்:
எல்லோருக்கும் வணக்கம். காலியாக 110 கிலோ எடையுள்ள பெட்டகம், ஐந்து துப்பாக்கி வைக்கும் அளவு. அடித்தட்டின் நான்கு மூலையிலும் 14 மி.மீ. துளை ஏற்கனவே இருக்கிறது. கூட வந்த எம்10 (10 மி.மீ. தடிமன்) ஆங்கர் போல்ட்டுகள், அதாவது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்டுகள், 60 மி.மீ. நீளம்தான். வைக்கப்போவது தரைத்தளத்தில், டைல்ஸ் மேல். இவ்வளவு எடைக்கு போல்ட் தேவையா? வந்த போல்ட்டே போதுமா? டைல் உடையாமல் துளையிடுவது எப்படி? ஈரத்துக்காக அடியில் ரப்பர் பாய் போடலாமா?

கரணை:
கட்டாயம் தேவை. 110 கிலோ என்பது இரண்டு பேர் சாய்த்து உருட்டிவிடும் எடை. பெட்டகத்தை மல்லாத்திப் போட்டுவிட்டால் கதவிடுக்கில் கடப்பாரையை விட்டு உடம்பின் முழு எடையையும் அதன்மேல் போட்டு நெம்பலாம். தரையோடு பிணைத்து நிற்கும் பெட்டகத்தில் அதற்கு வழியில்லை. வீட்டில் குழந்தை இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: இந்த அளவுப் பெட்டகத்தில் கதவு கனமாக இருக்கும். திறந்த கதவில் ஒரு குழந்தை தொங்கினால் முன்பக்கம் சரிந்துவிடலாம். போல்ட் போடும்வரை நீங்களும் கதவைத் திறக்கும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். துப்பாக்கி, தோட்டா எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

கூட வந்த போல்ட்டை எடுத்து வையுங்கள். நேரடி கான்கிரீட்டுக்கான நீளம் அது. டைல் 10 மி.மீ., அதற்கடியில் சாந்து 30 முதல் 40 மி.மீ. போனால் போல்ட் கான்கிரீட்டைத் தொடாது, சாந்திலேயே விரியும். சாந்துக்குப் பிடிப்பு கிடையாது. கணக்கு இப்படி: கான்கிரீட்டுக்குள் 60, டைலும் சாந்தும் 50, அடித்தட்டு, வாஷர், நட் எல்லாம் சேர்த்து 25. ஆக எம்10 போல்ட் 140 மி.மீ. வாங்குங்கள். எம்12 நுழையும்தான், ஆனால் அதற்கு இன்னும் ஆழம் வேண்டும். 100 மி.மீ. தடிமனுள்ள கான்கிரீட் தளத்தில் எம்10 நான்கு போட்டாலே போதும். 14 மி.மீ. துளையில் எம்10 தளர்வாக நிற்கும் என்பதால் 40 மி.மீ. அகலம், 4 மி.மீ. தடிமனுள்ள தகடு வாஷர் போட வேண்டும்.

பெட்டகத்தைச் சரியான இடத்தில் வைத்து, துளை வழியாகக் குறித்து, நகர்த்திவிட்டு டைலை மட்டும் முதலில் துளையுங்கள். டைல் பிட் 12 மி.மீ., டிரில்லில் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) அணைத்த நிலை, குறைந்த வேகம், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். டைல் முடிந்ததும் 10 மி.மீ. கான்கிரீட் பிட் மாற்றி ஹேமரைப் போடுங்கள். டைலில் துளை 2 மி.மீ. பெரிதாக இருந்தால் அதிர்வு டைலுக்குப் போகாது. விரிசல் விடுவது பெரும்பாலும் இந்த ஒரு படியை விட்டுவிடுவதால்தான்.

ஆழம் மொத்தம் 125 மி.மீ., பிட்டில் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். துளைக்குள் தூசி மிச்சமிருந்தால் போல்ட் விரியாமல் நட்டோடு சேர்ந்து சுழலும். ஊதி, பிரஷ் விட்டு, மறுபடி ஊதுங்கள். பெட்டகத்தைத் திரும்ப வைத்த பிறகு, நட்டைப் போல்ட்டின் மேல்முனையோடு சமமாக ஏற்றி, நட்டின் மேல் அடித்து இறக்குங்கள். நேரடியாகப் போல்ட்டில் அடித்தால் மரை நசுங்கிவிடும். முறுக்கு அளவு போல்ட் பாக்கெட்டிலேயே இருக்கும், முறுக்கை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பேனரால் அதைத் தாண்டாமல் இறுக்குங்கள். துளையிடும்போது கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி தட்டினால் அதை அறுக்காதீர்கள், பெட்டகத்தைச் சற்று நகர்த்தி வேறு இடத்தில் துளையிடுங்கள். தரைக்கடியில் தண்ணீர்க் குழாய், மின் குழாய் போகும் பாதையை முன்பே பார்த்துவிடுங்கள்.

ரசமட்டம்:
கரணை சொன்னது சரி. ரப்பர் பாய் பற்றி மட்டும் சேர்க்கிறேன். கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சி மேலே விடும், அடித்தட்டு அடிப்பக்கத்திலிருந்து துருப்பிடிக்கும். அதனால் பாய் நல்லதுதான். ஆனால் பாய்மேல் நேராக இறுக்கினால் ரப்பர் அமுங்கும். இன்று இறுக்கிய நட் இரண்டு வாரத்தில் கையால் திரும்பும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பாயை வட்டமாக வெட்டி எடுத்து, அந்த இடத்தில் பாயின் தடிமனுக்குச் சமமான இரும்பு வாஷர்களை அடுக்குங்கள். இறுக்கம் இரும்பு வழியாகத் தரைக்குப் போகும், ஈரத்தை ரப்பர் பார்த்துக்கொள்ளும். 5 மி.மீ. பாய் போட்டால் போல்ட் நீளத்திலும் 5 சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிடத் தடித்த பாய் வேண்டாம், அடியில் கடப்பாரை நுனி நுழையும்.

மட்டம் சரியில்லையென்றால் இரும்புத் தகடு சொருகுங்கள், மரத்துண்டு வேண்டாம், சுருங்கும். கதவைப் பாதி திறந்து கையை எடுங்கள். அது அங்கேயே நிற்க வேண்டும்.

இடம்: அறை மூலை. பூட்டுப் பக்கம் சுவரை ஒட்டியிருந்தால் நீளக் கடப்பாரையை வீச இடம் கிடைக்காது. கதவு முழுக்கத் திறக்கிறதா என்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். தீத்தடுப்புப் பெட்டகமாக இருந்தால் புதிதாகத் துளை போடாதீர்கள், உள்ளிருக்கும் காப்புப் பலகை ஓட்டையாகிவிடும்.

புதுப்பெட்டகம்:
நன்றி ஐயா, இருவருக்கும். முதல் துளை போட்டேன். டைல் தாண்டி சாந்து, அதற்குப் பிறகு சிவப்புத் தூள் வருகிறது. பிட் திடீரென வழுக்கி உள்ளே போகிறது. கான்கிரீட் இன்னும் கீழே இருக்குமா?

கரணை:
நிறுத்துங்கள், இன்னும் ஆழமாகப் போக வேண்டாம். கான்கிரீட்டில் தூள் சாம்பல் நிறமாக வரும், பிட் மெதுவாக இறங்கும், ஜல்லியில் கரகரவென்று சத்தம் கேட்கும். சிவப்புத் தூள் செங்கல் ஜல்லி. வழுக்கி இறங்கியது அடியிலுள்ள மணல். இதில் விரியும் போல்ட் பிடிக்காது, போல்ட்டைத் துளையில் ஒட்டவைக்கும் கெமிக்கல் பசை ஊற்றினாலும் அது உடைந்த செங்கல்லைத்தான் பற்றும்.

இங்கே சரியான வழி தனி அடித்தளம். பெட்டகத்தின் அடியளவை விட ஒவ்வொரு பக்கமும் 50 மி.மீ. அதிகமாக டைலை வெட்டி எடுங்கள். 200 மி.மீ. ஆழம் தோண்டி, கெட்டிப்படுத்தி, பிளாஸ்டிக் விரித்து, 8 மி.மீ. கம்பியை 150 மி.மீ. இடைவெளியில் வலையாகக் கட்டுங்கள். 1 பங்கு சிமெண்ட், 1.5 மணல், 3 ஜல்லி. வளைந்த முனையுள்ள 12 மி.மீ. ஜே போல்ட் நான்கையும் கான்கிரீட் ஊற்றும்போதே உள்ளே நிறுத்திவிட வேண்டும். அதற்கு ஒரு பிளைவுட் பலகையில் அடித்தட்டின் துளைகளை அப்படியே குறித்து, 12 மி.மீ. துளை போட்டு, போல்ட்டை அதில் மாட்டி நட்டால் மேலும் கீழும் இறுக்கிக்கொள்ளுங்கள். பலகை இல்லாமல் கண்ணளவில் நிறுத்தினால் ஒரு போல்ட்டாவது 5 மி.மீ. தள்ளி நிற்கும், பெட்டகம் இறங்காது. மரையில் டேப் சுற்றிவிடுங்கள், சிமெண்ட் ஒட்டாது.

600 க்கு 500 அளவில் இந்தக் கட்டை மட்டும் சுமார் 140 கிலோ வரும். 7 நாள் ஈரம் காயாமல் வையுங்கள், பிறகு பெட்டகத்தை இறக்கிக் கையளவு இறுக்கினால் போதும். 28 நாள் கழித்து முழு இறுக்கம் கொடுங்கள்.

ரசமட்டம்:
கட்டையின் மேல்மட்டம் டைலுக்குச் சமமாகவோ 5 மி.மீ. மேலாகவோ இருக்கட்டும். தாழ்ந்தால் தரை கழுவும் தண்ணீர் அடியில் தேங்கும். புதுக் கான்கிரீட் பல வாரம் ஈரம் விடும், அதனால் முதல் இரண்டு மாதம் பெட்டகத்துக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை வைத்து, வாரம் ஒருமுறை பார்த்து மாற்றுங்கள்.