மையத்தில் மட்டும் பேசாத குழந்தை: வழி சொல்லுங்கள்

வணக்கம். முக்கூடல் பக்கம் ஒரு அங்கன்வாடியில் பணியாளராக இருக்கிறேன். ஜூன் மாதம் சேர்ந்த ஒரு பெண் குழந்தை இன்றுவரை மையத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. வயது 3 வருடம் 8 மாதம். இது நாலாவது மாதம்.

காது நன்றாகக் கேட்கிறது. பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறாள். சத்துமாவு உருண்டை, முட்டை எல்லாம் சாப்பிடுகிறாள், கட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்து வைக்கிறாள். பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட என் முந்தானையை இழுப்பாள், அவ்வளவுதான். வீட்டில் அப்படி இல்லை. அவள் அம்மா பீடி சுற்றும் இடத்திலிருந்து போனில் பதிவு செய்து காட்டினார். "ஏட்டி, அங்க போவாத" என்று பொம்மையை அதட்டுகிறாள்! அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் மாதம் கூச்சம் சகஜம், சரி என்று பொறுத்தேன். அப்புறம் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டப்படி பாட்டு, கதை, கைப்பொம்மை எல்லாம் செய்து பார்த்தேன். கை மட்டும் தட்டுகிறாள். அம்மாவை ஒரு வாரம் கூடவே உட்கார வைத்தேன். அவர் காதில் கிசுகிசுத்தாள். நான் நெருங்கியதும் நிறுத்திவிட்டாள். "பேசினால்தான் தருவேன்" என்று ஒருநாளும் கட்டாயப்படுத்தியதில்லை. பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழு, வளர வளரச் சரியாகும் என்று சொல்லிப் போய்விட்டது.

22 பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. அவளுக்கென்று தனியாகக் கிடைப்பது காலையில் அரைமணி நேரம்தான், அம்மாவும் அப்போது வரத் தயார். இப்படி ஒரு குழந்தையைப் பேச வைத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அம்மாவிடம் வரும் அந்தக் கிசுகிசுப்பை என்னிடமும் வரவைக்க, அந்த அரைமணி நேரத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும்?