டிபன் யார் வீட்டுச் சொல்?

அம்மாயியின் எனாமல் அடுக்கு டிபன் கேரியரை நேற்று துலக்கினேன். பச்சையில் ரோஜாப்பூ, கைப்பிடியில் துரு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா பார்த்துவிட்டு ‘மங்குக் திங்கட்’ என்றார். சரி, ‘டிபன்’ எங்கிருந்து வந்தது? தமிழா?
(பட்டர்வொர்த், மலேசியா)

> தமிழ் இல்லை தங்கச்சி. இங்கிலாந்தின் பழைய பேச்சு வழக்கு. ‘டிஃப்’ என்றால் லேசான மது, ஒரு மடக்கு. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் போட்ட கொச்சைச் சொல் அகராதியில் ‘டிஃபிங்’ இருக்கிறது: சாப்பாட்டு வேளைக்கு நடுவே தின்பது, குடிப்பது. இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அதை மத்தியான உணவாக்கினார்கள். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் பேசிய சொற்களைத் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியும் (1886) இதை விவரமாகப் பேசுகிறது.

> அப்புறம் சென்னைக்காரர்கள் அதை இட்லி, தோசையாக்கிவிட்டார்கள்! சண்டையைக் குறிக்கும் ‘டிஃபிங்’கும் குரோஸிடம் உண்டு. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடக்கும்.

நன்றி அண்ணே. மதுவில் தொடங்கியதா! அம்மாயி கேட்டிருந்தால் கேரியரை வீசியிருப்பார். அவர் ‘டிபன்’ என்று சொல்லியே நான் கேட்டதில்லை, காலையில் ‘பசியாறிட்டியா?’ மட்டும்தான்.