பல்பா, குமிழா, பிடியா? கேமராவின் ‘பி’ நிலைக்கு ஒரு தமிழ்ச்சொல்

[குடியாத்தத்திலிருந்து]

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறேன். எதற்கென்று சொல்லாமல் கேட்டால் அகராதியைப் புரட்டி ஆளுக்கு நான்கு சொல் அனுப்பிவிடுவீர்கள். அதனால் கதையோடு கேட்கிறேன், கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊரில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. காலையில் தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்படும் அம்மன் சிரசு, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து உடலோடு சேரும். இரவு கவுண்டன்ய ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. போன வருடம் அந்த நேரத்தில்தான் கையில் புது டிஜிட்டல் கேமரா, வாங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நம்பி ஆட்டோ (தானியங்கி) நிலையில் விட்டேன். இருட்டில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது. அது ஒரு நிலைக்கு வருவதற்குள் வாணம் பூத்து உதிர்ந்துவிட்டது. பிளாஷ் தானாக எழும்பி, எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் வழுக்கையைப் பளிச்சென்று காட்டியது. சரி, வெடிச்சத்தம் கேட்டதும் அழுத்துவோம் என்று பார்த்தால் அதுவும் சரிப்படவில்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். அரை கிலோமீட்டர் தள்ளி நிற்பவன் காதுக்குச் சத்தம் வரும்போது வானத்தில் ஒன்றரை நொடி கழிந்திருக்கும்.

‘புகைப்படம்’ தவறு, ‘ஒளிப்படம்’ என்றே எழுத வேண்டும் என்று இந்தக் குழுமத்தில் எத்தனை இழை ஓடியிருக்கிறது! அன்று நான் எடுத்தவை எல்லாம் சந்தேகமே இல்லாமல் புகைப்படங்கள்.

இந்த வருடம் சித்ரா பவுர்ணமிக்கு வேலூர் போனேன். புஷ்பப் பல்லக்குகள் கோட்டைப் பக்கம் வந்து சேரும் இரவு, அங்கேயும் வாணவேடிக்கை உண்டு. இந்த முறை முக்காலி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11 (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்), தூரத்து விளக்கு ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் குவியம் (ஃபோகஸ்), எல்லாம் படித்துக்கொண்டு போயிருந்தேன். முக்கியமாக ‘பல்ப்’. என் கேமராவில் ஷட்டர் நேரத்தை 30 நொடியையும் தாண்டித் திருகினால் அது வரும். சில கேமராக்களில் ‘பி’ என்ற ஒற்றை எழுத்துதான் இருக்கும். பொத்தானை அழுத்தியிருக்கும் வரை ஷட்டர், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு, திறந்திருக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். வாணம் எந்த நொடியில் பூக்கும், எத்தனை நொடி தொங்கும் என்று அதைக் கொளுத்துகிறவருக்கே நிச்சயமில்லை. கேமரா எப்படிக் கணக்குப் போடும்? தீ வால் மேலே ஏறும்போது அழுத்தி, பூ விரிந்து உதிர்ந்ததும் விட வேண்டும். நாற்பது படத்தில் ஆறு தேறியது.

அக்கா பையனும் பழக வேண்டும் என்கிறான். அவனுக்காகத் தமிழில் ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ‘பல்பு நிலையில் வை’ என்று எழுதினேன். “இன்னா மாமா, எங்க எரியும் பல்பு?” என்று கேட்டான். அப்புறம், நம் ஊரில் பல்பு வாங்குவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். அகராதி ‘குமிழ்’ என்கிறது. குமிழ் நிலை என்றால் அவன் கேமராவில் குமிழைத் தேடுவான். நான் யோசித்தது ‘விரல்திறப்பு’. உங்கள் கருத்து?

[சென்னையிலிருந்து]

தம்பி, முதலில் வாழ்த்து.

‘விரல்திறப்பு’ ஒலி நன்றாக இருக்கிறது, பொருள் நிற்கவில்லை. எல்லாப் படமும் விரலால் அழுத்தித்தானே எடுக்கிறோம்? போதாக்குறைக்கு, முக்காலியில் வைத்த கேமராவை விரலால் தொட்டாலே ஆடும் என்று, நுனியில் பொத்தான் உள்ள கம்பியைக் கேமராவில் மாட்டித்தான் இதை இயக்குகிறார்கள். விரலே படாத வேலைக்கு விரலின் பெயர் எதற்கு? ‘நெடுந்திறப்பு’ என்று வைக்கலாம். நெடுஞ்சாலை, நெடுந்தொகை போல எளிதாகப் புழங்கும்.

இன்னொன்று. வாணம் என்ற சொல்லை நீங்கள் விடாமல் எழுதுவது மகிழ்ச்சி. பாணம், அதாவது அம்பு. ஹைதரும் திப்புவும் கும்பினிப் படைமீது ஏவிய இரும்புக்குழாய் வாணங்கள் பேர்போனவை. 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு அவர் குடும்பத்தாரை உங்கள் வேலூர்க் கோட்டையில்தானே கொண்டுவந்து வைத்தார்கள். இதற்கும் கேமராவுக்கும் தொடர்பில்லை, நினைவு வந்தது, எழுதினேன்.

[யாழ்ப்பாணத்திலிருந்து]

வணக்கம். ‘திறப்பு’ வேண்டாமே. இங்கே திறப்பு என்றால் சாவி. ‘நெடுந்திறப்பு’ என்று வாசித்தவுடன் பழைய கோயில் கதவின் பெரிய சாவிதான் எனக்குக் கண்முன் வந்தது. ‘விரல்திறப்பு’ என்றால் விரலை வைத்தால் திறக்கும் கைபேசிப் பூட்டு. கடலுக்கு இரண்டு பக்கமும் விளங்குகிற சொல்லாகப் பாருங்கள்.

[ஆரணியிலிருந்து]

எல்லோருக்கும் வணக்கம். நான் தமிழ் படித்தவன் அல்ல, முப்பது வருடம் ஸ்டுடியோ வைத்திருந்தவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்த பல்ப் விளக்கு பல்பே இல்லை. அந்தக் காலத்துக் கேமராவில் ஷட்டரோடு ஒரு ரப்பர் குழாய் இருக்கும், குழாயின் நுனியில் ரப்பர் உருண்டை. மாட்டுவண்டியும் ரிக்‌ஷாவும் ஓடின காலத்தில் பஸ்ஸில் பாம் பாம் என்று அமுக்குவார்களே, அந்த ஹாரன் உருண்டை மாதிரி. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியிலும் அதே உருண்டைதான். அதைக் கையில் அமுக்கினால் காற்று போய்த் தள்ளி ஷட்டர் திறக்கும், கையைத் தளர்த்தினால் மூடும். உருண்டை போய்விட்டது, பேரும் முதலெழுத்தும் மட்டும் தங்கிவிட்டன.

நான் தொழில் கற்ற இடத்தில் அதற்கும் முந்தின மரப்பெட்டிக் கேமரா ஒன்று இருந்தது, அதில் ஷட்டரே கிடையாது. ஆசான் லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி, திரும்ப மாட்டுவார். வாணத்துக்கும் அந்த வித்தை இன்றைக்கும் உதவும் தம்பி. ஷட்டரைத் திறந்தே வைத்து, லென்ஸுக்கு முன்னால் கறுப்பு அட்டையைப் பிடியுங்கள். வாணம் ஏறும்போது அட்டையை விலக்கி, உதிர்ந்ததும் மறையுங்கள். மூன்று நான்கு வாணங்களை ஒரே படத்தில் கோக்கலாம். அட்டை லென்ஸில் இடிக்கக் கூடாது, ஆடினால் எல்லாம் போச்சு.

சொல்லுக்கு என்னிடம் யோசனை இல்லை. ஆனால் ‘நெடு’ வேண்டாம். பல்பில் அரை நொடிக்கும் எடுப்போம்.

[குடியாத்தத்திலிருந்து]

திருவிழா முடிந்து, தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

ஆரணி ஐயா சொன்னதுதான் சரி. கேமராவிடம் 30 நொடி என்று சொல்லி வைத்தால் அதுவும் நெடியதுதான், ஆனால் அது வேறு. முன்பே அளந்து சொன்ன நேரம் அது. இங்கே யாரும் அளப்பதில்லை, கை முடிவு செய்கிறது. நீளம் இதற்கு அடையாளமே இல்லை. என் வீட்டில் அப்பா கைலி நெய்கிறவர். தறியில் மிதியை மிதித்திருக்கும் வரை பாவு விரிந்து நிற்கும், நாடா ஓடும். காலை எடுத்தால் மூடும். குறிப்பை அவரிடம் படித்துக் காட்டியபோது “மிதின்னு வையேன்” என்றார். கேமராவை யார் காலால் மிதிப்பது என்று சிரித்தோம், ஆனால் அவர் பிடித்த இடம் சரியான இடம். உருண்டையோ விளக்கோ முக்கியமில்லை, அழுத்துகிறவன் என்ன செய்கிறான் என்பதிலிருந்து சொல் வர வேண்டும்.

முந்தாநாள் இரவு பையனையும் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனேன். மணலில் முக்காலியின் கால்களை அழுத்தி ஊன்றினோம். காற்று முதுகுப் பக்கமாக இருக்க வேண்டும் என்று போன வருடம் புகை கற்றுக்கொடுத்திருந்ததால், கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரைக்கே போனோம். கம்பியை அவன் கையில் கொடுத்தேன். முதல் வாணம் ஏறியது. பம்பைச் சத்தத்தில் பாடம் நடத்த முடியுமா? “பிடி!” என்று கத்தினேன். பூ விரிந்தது. “பிடி, பிடி, பிடி... விடு!” அவ்வளவுதான் நான் சொல்லிக்கொடுத்தது. நான்காவது வாணத்துக்கு அவனே பிடி, விடு என்று முணுமுணுத்துக்கொண்டு எடுக்க ஆரம்பித்துவிட்டான். எங்கள் குறிப்பில் இரண்டு பக்கத்தில் வராதது அந்த இரண்டு சொல்லில் வந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. கேமராவில் இருக்கும் எழுத்து ‘பி’. பி என்றால் பிடி! யாரும் எதையும் அழித்து எழுத வேண்டியதில்லை. படம் பிடிப்பது என்று நாம் சொல்வதும் அதே பிடிதான். என் முன்மொழிவு: பிடிநிலை.

இன்னும் இரண்டு விஷயம், குறிப்பில் சேர்க்க வேண்டியவை. பையன் ஒரு வாணத்துக்கு எட்டு நொடி பிடித்துவிட்டு, படம் வெளுத்திருக்கும் என்று பயந்தான். வெளுக்கவில்லை. பொறி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஓரிடத்தில் நிற்பதில்லை. அதனால் உணரியின் (படம் பதியும் சில்லின்) ஒரு புள்ளியில் அதன் ஒளி படுவது ஒரு கணம்தான். எவ்வளவு நேரம் பிடித்தாலும் கோடு நீளும், புதுக் கோடுகள் சேரும், ஆனால் ஒரு கோட்டின் வெளிச்சம் கூடாது. அதை முடிவு செய்வது துளையும் ஐஎஸ்ஓவும். துளையை அகலமாக விட்டால் ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பும் பேரியத்தின் பச்சையும் நடுவில் வெள்ளையாகிவிடும். நிறம் வேண்டுமானால் எஃப் 8-லிருந்து 11, 13 என்று சுருக்க வேண்டும். நேரம் கூடினால் வெளுப்பது வாணம் அல்ல, நிற்கிற பொருள்கள்: கோயில் விளக்கு, டியூப்லைட், கலையாமல் தொங்குகிற புகை.

இரண்டாவது, என் முட்டாள்தனம். நெடுநேரப் படத்துக்கு இரைச்சல் (படத்தில் விழும் பொட்டுப் புள்ளிகள்) நீக்கும் வசதி ஒன்று என் கேமராவில் இயங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நொடி படம் எடுத்தால், அதற்குப் பிறகு ஷட்டரை மூடி வைத்துக்கொண்டு அதே ஐந்து நொடிக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுச் சுத்தம் செய்யும். அதுவரை பொத்தான் கேட்காது. அன்றைக்கு வந்ததிலேயே பெரிய வாணம் அந்த இருட்டில்தான் பூத்தது. “மாமா, பிடிச்சேன், பிடிக்கலியே” என்று பையன் அழாக்குறை. அதை அணைத்துவிட்டுப் போகவும்.

[சென்னையிலிருந்து]

பிடி என்றால் பெண் யானை, தம்பி. களிறும் பிடியும். ஒரு பிடி சோறும் உண்டு. பிடிநிலை என்றால் யானை நிற்கும் இடமோ என்று என் வயதுக்காரர்கள் ஒரு நிமிடம் யோசிப்போம்.

அந்த ஒரு நிமிடம் போனதும் மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. நெடுந்திறப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு கேள்வி. பழைய கேமராக்களில் ‘டி’ என்றும் ஒரு நிலை இருக்குமே, ஒருமுறை அழுத்தினால் திறக்கும், மறுமுறை அழுத்தினால் மூடும். அதற்கு?

[ஆரணியிலிருந்து]

அதற்குத் ‘தட்டுநிலை’. ஒரு தட்டு, திறக்கும். இன்னொரு தட்டு, மூடும். கை வலிக்காது. புதுக் கேமராக்கள் சிலவற்றில் இதுவும் இருக்கிறது, கம்பி வாங்காதவர்கள் மெனுவில் தேடிப் பாருங்கள். எழுத்து டி, சொல் தட்டு. டகரம் நடுவில் இருக்கிறது, அது போதும்.

[யாழ்ப்பாணத்திலிருந்து]

பிடிநிலை, தட்டுநிலை, இரண்டும் இங்கே விளங்கும். சாவி எதுவும் இல்லை, நன்றி.

ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். ஷட்டர் திறந்து ஒளி படுவது, அந்த எக்ஸ்போஷருக்கே சொல் இல்லையே. ஓரிடத்தில் ‘வெளிப்பாடு’ என்று போட்டிருந்ததைப் பார்த்தேன். கவிஞனின் உணர்ச்சிக்குத்தான் அது பொருந்தும். ஒளி இங்கே உள்ளே அல்லவா போகிறது?

[குடியாத்தத்திலிருந்து]

உண்மைதான். ‘ஒளியேற்பு’ என்று ஒன்று மனதில் ஓடுகிறது, ஆனால் இருட்டறையில் வேலை பார்த்தவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஆரணி ஐயாவிடம் கேட்காமல் வைக்க மாட்டேன். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், இதில் வேண்டாம்.

குறிப்பில் பல்பு என்று இருந்த ஏழு இடங்களையும் பிடிநிலை என்று மாற்றிவிட்டேன். பையன் எடுத்த படங்களில் மூன்றை இணைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் இரண்டு வாணங்கள் ஒன்றின்மேல் ஒன்று பூத்திருக்கின்றன, அது அட்டை வித்தை. அதன் வலது கீழ்மூலையில் மங்கலாக, உருண்டையாக மின்னுவது லென்ஸ் கோளாறு இல்லை. எதிர்க்கரைக்கே போய் நின்றும், போன வருடத்துப் பெரியவர் இந்த வருடமும் எங்களுக்கு முன்னால்தான் நின்றார்.