4 மாதக் குழந்தை: தாய்ப்பாலும் பால்மாவும் சேர்த்துக் கொடுக்கும்போது குடலுக்கு எது நல்லது?

செங்காங்தாய்: சிசேரியன் பிரசவம். பகலில் தாய்ப்பால், இரவில் 2 முறை பால்மாவு. எச்எம்ஓ (தாய்ப்பாலில் உள்ள ஒரு சர்க்கரை வகை) சேர்த்த பால்மாவு டின்னுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா? மாமியார் உரைகல்லில் இழைத்துக் கொடுக்கும் உரை மருந்தும் கேழ்வரகுக் கஞ்சியும் இப்போதே தொடங்கச் சொல்கிறார்.

பால்துளி: தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்புக்கு அடுத்து அதிகம் இருப்பது எச்எம்ஓ. பிள்ளையால் அதைச் செரிக்க முடியாது. அது பிஃபிடோபாக்டீரியா என்ற நல்ல குடல் நுண்ணுயிர்களுக்கான தீனி. அவை அதைத் தின்று அசிட்டேட், லாக்டேட் என்ற அமிலப் பொருள்களை வெளியிடும், குடல் புளிப்பேறும், நோய்க்கிருமிகள் பெருகுவது குறையும். தாய்ப்பாலில் இது 100 வகைக்கு மேல் உண்டு, டின்னில் ஒன்றோ சிலவோதான். அதனால் அந்தக் கூடுதல் காசைவிட, இரவில் ஒரு முறையாவது மார்பில் போடுவது மேல். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் கூடுதலாக இருக்கும். சிசேரியன் பிள்ளைகளுக்கு அம்மாவின் குடலிலிருந்து வரும் பாக்டீராய்ட்ஸ் என்ற நுண்ணுயிர் குறைவாகக் கிடைக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம்.

செங்காங்தாய்: நன்றி அக்கா. பால்மாவு கலக்கும் நீர் எவ்வளவு சூடாக இருக்கணும்?

பால்துளி: 70 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது. பால்மாவில் குரோனோபாக்டர் கிருமி இருக்கலாம், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும். கெட்டிலில் 1 லிட்டர் கொதிக்க வைத்து 30 நிமிடத்துக்குள் கலந்துவிடுங்கள். கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். கலந்த பாலை ஆறவைத்துக் கொடுக்கணும். புரோபயோட்டிக் சேர்த்த மாவு என்றால் அந்த நுண்ணுயிர்களும் இந்தச் சூட்டில் மடியும், அதற்கென்று தனியே காசு செலவழிக்க வேண்டாம். கரண்டி அளவைக் கூட்டாதீர்கள், மலச்சிக்கல் வரும். குடித்து மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

தேக்காசமையல்: உரை மருந்து வேண்டவே வேண்டாம். அதில் சேர்க்கும் வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சு இருக்கிறது. உரைகல்லிலிருந்து கிருமியும் ஏறும். தேனும் ஒரு வயது வரை கூடாது, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சுநோய் ஆபத்து. அத்தையிடம் "6 மாதத்தில் கஞ்சி நீங்களே காய்ச்சிக் கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

அப்போதும் வெறும் கேழ்வரகு போதாது. கால்சியம் நிறைய உண்டு, ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 6 மாதத்தில் பிள்ளையின் இரும்பு இருப்பு குறையும் நேரம் வேறு. முளைகட்டி அரைத்த மாவாக எடுங்கள், மசித்த மீன், கோழி, பருப்பு என்று மாற்றிமாற்றிச் சேருங்கள். சைவம் என்றால் கூடவே பப்பாளி; வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். பூசணி, சர்க்கரைவள்ளி, கீரை என நார் வகைவகையாகப் போனால்தான் புதுப்புது நுண்ணுயிர்கள் குடியேறும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம்.

கஞ்சி தொடங்கியதும் மலம் கெட்டியாகி வாடை கூடும், பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் கலந்தாலோ வெளுத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.